ஏரிக்கரைப் பக்கம் வீடு: மெர்சர் ஐலண்டா, கர்க்லண்டா, சமாமிஷா?

சியாட்டில் ஈஸ்ட்சைடுல, அதாவது அமெரிக்காவுல சியாட்டிலுக்குக் கிழக்க இருக்கற ஊர்கள்ல, வீடு தேடுற நம்மாளுங்க எல்லாரோட மனசுலயும் ஒரு ஏரி இருக்கும், ஒண்ணு லேக் வாஷிங்டன், இல்லன்னா லேக் சமாமிஷ். தண்ணிய ஒட்டி படகுத்துறையோட இருக்கற வீடு நம்மள்ல முக்காவாசிப் பேருக்கு எட்டாது, அத விட்ருங்க. ஏரிக்குப் பக்கத்து ஊர்ல கொஞ்சம் உள்ள தள்ளி ஒரு வீடு, அதுக்கே முப்பது வருஷம் லோன். அப்படி கஷ்டப்பட்டு வாங்கினா அந்த ஊர் நமக்கு என்ன செய்யும்ங்கறது தான் கேள்வி. லைப்ரரி, பஸ், ஸ்கூல், நீச்சல் குளம், ஆம்புலன்ஸ், ஊர்ல இருந்து அம்மா அப்பா வந்தா அவங்களுக்குப் பகல்ல போக ஒரு இடம். விக்கற வீட்டத் தொறந்து காட்டற ஓபன் ஹவுஸ்ல இத யாரும் சொல்ல மாட்டாங்க, கிச்சன் கவுண்டர் டாப் பத்தி தான் சொல்வாங்க.

மெடினா, ஹண்ட்ஸ் பாயிண்ட், யாரோ பாயிண்ட் மாதிரி பெரும் பணக்காரங்களோட குட்டி ஊர் எல்லாம் இந்தக் கணக்குல சேர்க்கல. மெடினாவோட மொத்த ஜனத்தொகையே 2020 சென்சஸ்ல 3,000-க்குக் கீழ, அங்க வாங்கறவங்களுக்கு ஒப்பீடு எழுத நான் யாரு. பெல்வியூவும் வேணாம், அது ஒன்றரை லட்சம் பேர் இருக்கற டவர் கட்டின நகரம், சபர்ப்னு சொன்னா அவங்களே கோச்சுப்பாங்க. மிச்சம் நம்மாளுங்க நிஜமாவே குழம்பறது இந்த மூணுல தான்: மெர்சர் ஐலண்ட், கர்க்லண்ட், சமாமிஷ். மூணும் வசதியான ஊர், மூணுலயும் ஏரி, ஆனா உள்ள போய்ப் பாத்தா மூணும் மூணு விதம்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், இங்க சிட்டிங்கறது எல்லாத்தையும் செய்யற ஒரே ஆபீஸ் கிடையாது. ஸ்கூல் ஒரு தனி டிஸ்ட்ரிக்ட், தண்ணி சில இடத்துல தனி டிஸ்ட்ரிக்ட், ஆஸ்பத்திரிக்குக் கூட தனி டிஸ்ட்ரிக்ட் உண்டு, லைப்ரரி கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) அளவுல, பஸ் கிங் கவுண்டி மெட்ரோ, ரயில் சவுண்ட் டிரான்சிட், கரண்ட் பியூஜெட் சவுண்ட் எனர்ஜி. அதனால அட்ரஸ்ல சமாமிஷ்னு இருக்கறத வச்சு எந்த ஸ்கூல்னு சொல்லவே முடியாது, வடக்குல இருந்தா லேக் வாஷிங்டன் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், தெற்குல இருந்தா இஸ்ஸகுவா, ஓரமா ஒரு துண்டு ஸ்னோக்வால்மி வேலிக்கும் போகுது. லைப்ரரில மட்டும் இந்தக் குழப்பம் இல்ல, மூணு ஊருமே கே.சி.எல்.எஸ்.ங்கற கிங் கவுண்டி லைப்ரரி சிஸ்டம், ஒரே கார்டு, எங்க வேணா எடுத்து எங்க வேணா திருப்பிக் குடுக்கலாம், அதனால லைப்ரரி நல்லாருக்குன்னு ஊர் தேர்ந்தெடுக்கறதுல அர்த்தமில்ல. கட்டடம் நடந்து போற தூரத்துல இருக்கான்னு மட்டும் பாருங்க.

இன்னொண்ணு, பணக்கார ஊர்னா சர்வீஸ் தானா வந்து கொட்டும்னு நம்ம நினைப்பு இருக்கே, அத இங்க கழட்டி வச்சிடணும். வாஷிங்டன் ஸ்டேட்ல சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாதுன்னு சந்தோஷப்படறோம்ல, அதோட மறுபக்கம் இது: ஒரு சிட்டி வசூலிக்கற ரெகுலர் ப்ராப்பர்ட்டி டாக்ஸ் மொத்தத் தொகைய, புதுக் கட்டடம் நீங்கலா, வருஷத்துக்கு 1 சதவீதத்துக்கு மேல கூட்ட முடியாது. 2001-ல ஜனங்க ஓட்டுப் போட்டுக் கொண்டு வந்த ரூல், 2007-ல கோர்ட் செல்லாதுன்னு சொன்னதும் சட்டசபை உடனே திரும்பக் கொண்டு வந்துட்டாங்க. விலைவாசி மூணு நாலு சதவீதம் ஏறும்போது 1 சதவீதத்துல எந்த சிட்டி ஓட்ட முடியும், அதனால புதுசா பெருசா எது வேணும்னாலும் ஓட்டுக்கு விடணும். ஸ்கூல் கட்டடம் கட்ட பாண்ட், அதாவது கடன் பத்திரம், போடணும்னா பாதிப் பேர் பத்தாது, 60 சதவீதம் வேணும். ஆக ஊர்ல பணம் இருக்கா இல்லையாங்கறத விட ஊர் ஜனங்க எதுக்கு ஆமா சொல்றாங்க, எதுக்கு இல்லன்னு சொல்றாங்கன்னு பாத்தா தான் அந்த ஊரோட குணம் தெரியும்.

இந்தக் கண்ணாடி போட்டுட்டு மெர்சர் ஐலண்டப் பாருங்க. 2020-ல 25,748 பேர், லேக் வாஷிங்டன் நடுவுல ஒரு தீவு, மேற்குல சியாட்டிலுக்கு மிதவைப் பாலம், கிழக்குல பெல்வியூவுக்கு ஈஸ்ட் சேனல் பாலம், ரெண்டுமே ஐ-90 ஹைவே தான், வேற வழியே இல்ல. தனி ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், ஒரே ஹைஸ்கூல், ஒரே மிடில் ஸ்கூல், நாலு எலிமெண்டரி, அதாவது கிண்டர்கார்டன்ல கூடப் படிச்ச பசங்களோடயே பட்டம் வாங்கற ஊர். இது சில பிள்ளைங்களுக்கு வரம், ஒத்துப் போகாத பிள்ளைக்கு மாறிப் போக இன்னொரு பப்ளிக் மிடில் ஸ்கூலோ ஹைஸ்கூலோ ஊருக்குள்ள இல்ல, அதையும் யோசிக்கணும்.

அங்க எனக்கு ரொம்பப் பிடிச்சது யூத் அண்ட் ஃபேமிலி சர்வீசஸ்னு சிட்டியே நடத்தற ஒரு டிபார்ட்மெண்ட். ஸ்கூல்ல இருக்கற மனநல கவுன்சிலர்கள அனுப்பறது இவங்க, இல்லாதவங்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் குடுக்கற ஃபுட் பேன்ட்ரி நடத்தறது இவங்க, இதுக்கெல்லாம் காசு பெருமளவு எங்கருந்து வருதுன்னா ஊருக்குள்ள இருக்கற, பழைய சாமான் விக்கற ஒரு த்ரிஃப்ட் ஷாப்ல இருந்து. பணக்கார வீட்ல இருந்து வர்ற சோபா, சைக்கிள், பனிச்சறுக்கு கட்டை, கல்யாணத்துல வந்து பிரிக்காத டின்னர் செட், இதெல்லாம் வித்து ஒரு பதினாலு வயசுப் பையனுக்குப் பேச ஒரு ஆள் கிடைக்கறாங்க. போட்டி ஜாஸ்தியா இருக்கற ஸ்கூல்ல நம்ம பசங்க எவ்வளவு டென்ஷன்ல இருக்காங்கன்னு நமக்கே தெரியும், வீட்ல சொல்லவும் மாட்டாங்க, அப்படி இருக்கறப்ப ஸ்கூல்லயே கதவு தட்ட ஒரு ரூம் இருக்கறது கிரானைட் கவுண்டர விடப் பெரிய விஷயம். ஆனா இதே ஊர்ல 2018-ல பார்க்கும் இந்த டிபார்ட்மெண்டும் ஓடறதுக்காக வரி கூட்டலாமான்னு கேட்டப்ப ஜனங்க வேணாம்னுட்டாங்க, சர்வீஸ வெட்ட வேண்டியதாப் போச்சு. 2022-ல பார்க்குக்கு மட்டும் கேட்டப்ப சரின்னாங்க. 2023-ல சிட்டி ஹால்ல ஆஸ்பெஸ்டாஸ் கண்டுபிடிச்சு கட்டடத்தையே மூடினாங்க. இவ்வளவு வசதியான ஊர்ல சிட்டி ஹால் இல்ல, கேக்கவே ஒரு மாதிரி இருக்குல்ல.

பார்க்குக்குக் குறையே கிடையாது. லூதர் பர்பாங்க் பார்க் முழுக்க ஏரிய ஒட்டியே போகும், ஒரு காலத்துல அங்க பசங்க தங்கிப் படிக்கற ஸ்கூலும் பால் பண்ணையும் இருந்துச்சு, அந்தப் பண்ணையோட இடிஞ்ச சுவர் இன்னும் நிக்குது. ஐ-90 மேலயே மூடி போட்டு அதுக்கு மேல ஒரு பார்க், கீழ வண்டி போறது மேல விளையாடற குழந்தைக்குத் தெரியாது. தெற்குல பயனியர் பார்க், காட்டுக்குள்ள நடக்கற மாதிரி. சவுண்ட் டிரான்சிட்டோட 2 லைன் ரயிலுக்கு ஐலண்டுலயே ஸ்டேஷன், மிதவைப் பாலத்து மேல லைட் ரயில் ஓட்டறது உலகத்துலயே இங்க தான் முதல் தடவை. ஆனா ஸ்டேஷன் வடக்கு முனைல இருக்கு, தெற்கு முனைல வீடு வாங்கிட்டு ரயில் இருக்குன்னு சொல்லிக்கறது வீண், அங்கருந்து கார் எடுக்கணும்.

தீவுங்கறதால வர்ற தலைவலியும் இருக்கு. குடிதண்ணி சியாட்டில்ல இருந்து குழாய்ல வருது. 2014-ல ஈ.கோலை கிருமி தெரிஞ்சு கொதிக்க வச்சுக் குடிங்கன்னாங்க, 2024-ல மெயின் பைப் லீக் ஆகி தண்ணிய அளந்து செலவு பண்ணுங்கன்னாங்க. அவசரத்துக்குன்னு சிட்டி ஒரு கிணறு வச்சிருக்கு. சியாட்டில் ஃபால்ட்டுங்கற நிலநடுக்கப் பிளவு அந்தப் பக்கமாத்தான் போகுது, ஆயிரத்துச் சொச்சம் வருஷம் முன்னாடி வந்த நிலநடுக்கத்துல கரை மரத்தோட அப்படியே சரிஞ்சு ஏரிக்குள்ள போயிருக்கு, தெற்கு முனைப் பக்கம் தண்ணிக்கு அடியில அந்த மரங்க இன்னும் இருக்கு. தீயணைப்பும் 2024 ஜனவரில இருந்து சிட்டி சொந்தமா நடத்தறதில்ல, ஈஸ்ட்சைட் ஃபயர் அண்ட் ரெஸ்க்யூகிட்ட காண்ட்ராக்ட். போலீஸ் மட்டும் சொந்தம், ஏரில ரோந்து போற படகு உட்பட.

அடுத்தது கர்க்லண்ட், 92,000 பேருக்கு மேல. காஸ்ட்கோல கர்க்லண்ட் சிக்னேச்சர் வாங்காத நம்ம வீடு இருக்கா, அந்தப் பேர் இந்த ஊர்ல இருந்து தான் போச்சு, 90-கள்ல பாதி வரைக்கும் காஸ்ட்கோ ஹெட் ஆபீஸ் இங்க இருந்துச்சு, இப்ப இஸ்ஸகுவால. இந்த ஊரப் பத்தி சொல்ல ஒரு நடை போதும். கர்க்லண்ட் லைப்ரரில இருந்து வெளிய வாங்க, பக்கத்துலயே பீட்டர் கர்க் கம்யூனிட்டி சென்டர், வயசானவங்களுக்கு யோகா, பாட்டு, மதியச் சாப்பாடுன்னு ஏதாவது ஓடிட்டே இருக்கும். அத ஒட்டி பார்க், பேஸ்பால் மைதானம், வெயில் காலத்துல மட்டும் தொறக்கற நீச்சல் குளம். இந்தப் பக்கம் திரும்பினா டிரான்சிட் சென்டர், 255 பஸ் ஏறினா யுனிவர்சிட்டி பக்கம் ரயிலப் பிடிக்கலாம், 250 ஏறினா பெல்வியூ. அங்கருந்து பார்க் லேன் வழியா, நடைபாதைக்கும் ரோட்டுக்கும் படியே இல்லாத தெரு அது, மெதுவா நடந்தா லேக் ஸ்ட்ரீட், தாண்டினா மரீனா பார்க், ஏரி. எங்கயும் கார் சாவியத் தொட வேணாம். ஈஸ்ட்சைடுல இப்படி ஒரே கொத்தா எல்லாம் இருக்கற ஏரிக்கரை எனக்குத் தெரிஞ்சு வேற இல்ல.

ஆனா அந்தக் கொத்து டவுன்டவுன்ல மட்டும் தான். வடக்கு ஜுவானிட்டா, ஃபின் ஹில், கிங்ஸ்கேட் எல்லாம் 2011-ல தான் ஊரோட சேந்தது, ஃபின் ஹில் மேட்டு மேல வீடு வாங்கிட்டு டவுன்டவுனுக்கு நடந்து போறேன்னா இறங்கறது சுலபம், திரும்ப ஏறும்போது முட்டி பேசும். அங்கெல்லாம் தண்ணி பில் கூட சிட்டில இருந்து வராது, நார்த்ஷோர் யூட்டிலிட்டி டிஸ்ட்ரிக்ட்ல இருந்து வரும். பழைய ரயில் பாதைய வாங்கி 5.75 மைல் நடைபாதையாக்கினது கிராஸ் கர்க்லண்ட் காரிடார், மேடு பள்ளமே இல்லாம ஊருக்கு நடுவுல போகும், ஸ்ட்ரோலர் தள்ளவும் அப்பாவக் கூட்டிட்டு நடக்கவும் இத விட்டா வேற இல்ல. இதப் பக்கத்துல வச்சு வீடு தேடுங்கன்னு நான் யார்கிட்டயும் தைரியமா சொல்வேன்.

கர்க்லண்ட்ல இல்லாதது ஒண்ணு, வருஷம் பூரா ஓடற சிட்டி நீச்சல் குளம். ஜுவானிட்டா ஹைஸ்கூல் குளத்த மூடப் போறாங்கன்னு 2015-ல புதுசு கட்ட ஓட்டுக்கு விட்டாங்க, தோத்துச்சு. 2023-ல பார்க்கையும் குளத்தையும் சேத்துக் கேட்டாங்க, மறுபடி தோத்துச்சு. ஏரி இருக்கே அப்புறம் எதுக்குக் குளம்னு நினைக்காதீங்க, ஏரித் தண்ணி ஜூன் கடைசி வரைக்கும் பல்லு கிட்டிப் போற குளிர், அக்டோபர்ல இருந்து மழை, குழந்தை நீச்சல் கத்துக்கணும்னா உள்ளரங்கு குளம் தான் வழி.

அந்த விஷயத்துல சமாமிஷ் ஜெயிச்சிருச்சு. 1999-ல தான் ஊராவே ஆச்சு, 67,000 சொச்சம் பேர், 2016-ல கம்யூனிட்டி அண்ட் அக்வாட்டிக் சென்டர் தொறந்தாங்க. சிட்டி கட்டினது, நடத்தறது ஒய்.எம்.சி.ஏ., அதனால மாசா மாசம் மெம்பர்ஷிப் கட்டணும், இது சிட்டி சர்வீஸா இல்ல ஜிம்மான்னு ஒரு சண்டை போடலாம், ஆனா ஜனவரி மழைல குளம் தொறந்திருக்கு, அவ்வளவு தான் வேணும். நம்மாளுங்க கூட்டமும் இங்க ஜாஸ்தி, பக்கத்து வீட்லயே தமிழோ தெலுங்கோ காதுல விழும், இஸ்கானோட வேதிக் கல்சுரல் சென்டர் ஊருக்குள்ளயே இருக்கு, தீபாவளிக்கு எங்க போறதுன்னு யோசிக்க வேணாம். வீடும் புதுசு, பெருசு, அதே காசுக்கு மெர்சர் ஐலண்டுல கிடைக்கறத விட ஒரு ரூம் ஜாஸ்தி தான் வரும்.

ஆனா சமாமிஷ்ல கார் இல்லன்னா கை ஒடிஞ்ச மாதிரி. பிளாட்டோங்கற மேட்டு நிலத்து மேல ஊர், ரயில் கிடையாது, பஸ் கையளவு ரூட்டு, அதுவும் எப்பவோ ஒண்ணு. போலீஸ் கிங் கவுண்டி ஷெரிஃப்கிட்ட காண்ட்ராக்ட், தீயணைப்பு ஈஸ்ட்சைட் ஃபயர், தண்ணி தனி டிஸ்ட்ரிக்ட், சிட்டின்னு சொந்தமா செய்யறது ரோடு, பார்க், பெர்மிட் அளவு தான். ஊர் பேர்லயே ஏரி இருந்தாலும் லேக் சமாமிஷ் கரை பெரும்பாலும் தனியார் வீடு, சிட்டிக்குன்னு சமாமிஷ் லேண்டிங்னு ஒரு சின்ன பார்க். நீச்சலடிக்க பைன் லேக் போறாங்க, இல்லன்னா தெற்குல இஸ்ஸகுவால ஸ்டேட் பார்க், அங்க வண்டி நிறுத்த டிஸ்கவர் பாஸ்னு ஒரு பாஸ் வேணும். கரைய ஒட்டிப் போற சைக்கிள் டிரெயில் மட்டும் அருமை.

கரண்ட் விஷயத்துல மூணு ஊரும் ஒண்ணு தான், மரம் அழகா இருக்கற எடத்துல காத்தடிச்சா கம்பி அறுந்து தான் விழும். 2024 நவம்பர்ல வந்த பாம்ப் சைக்ளோன்ங்கற புயல்ல ஈஸ்ட்சைட் பூரா இருண்டு போச்சு, சில தெருவுல நாள் கணக்குல. வீடு பாக்கறப்ப அந்தத் தெருவுல கம்பி மேல போகுதா மண்ணுக்கு அடில போகுதான்னு நிமிர்ந்து பாருங்க, பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட ஜெனரேட்டர் இருக்கான்னு கேளுங்க, பதில்லயே தெரிஞ்சிரும்.

ஏரித் தண்ணியப் பத்தியும் ஒரு வார்த்தை. 1950-கள்ல சுத்தி இருந்த ஊரெல்லாம் சாக்கடைய லேக் வாஷிங்டன்ல விட்டுப் பாசி பிடிச்சு நாறிருச்சு, 1958-ல ஜனங்க ஓட்டுப் போட்டு மெட்ரோன்னு ஒரு அமைப்பு உண்டாக்கி 1968-க்குள்ள சாக்கடைய மொத்தமா திருப்பி விட்டாங்க, ஏரி தெளிஞ்சுது. இன்னைக்கு விலை பேசற வியூ எல்லாம் அந்த ஓட்டுல வந்தது. இப்பவும் வெயில் காலத்துல கவுண்டி வாரா வாரம் பீச் தண்ணிய டெஸ்ட் பண்ணி பாக்டீரியா ஜாஸ்தின்னா போர்டு வச்சு மூடிடும், அந்த லிஸ்ட்ல ஜுவானிட்டா பீச் பேர் அடிக்கடி வரும், ஆழமில்லாத வளைகுடா, அதுல வாத்துக் கூட்டம்.

அம்மா அப்பா வர்ற விஷயத்துக்கு வருவோம், என் பார்வைல இது தான் தராசோட முள்ளு. விசிட்டர் விசால ஆறு மாசம் வரைக்கும் இருப்பாங்க, நீங்க ரெண்டு பேரும் ஆபீஸ், பசங்க ஸ்கூல். சமாமிஷ்ல அவங்களுக்குப் பேச ஆள் கிடைக்கும், அதே தெருவுல இன்னொரு தாத்தா பாட்டி இருப்பாங்க, சாயங்காலம் சேந்து நடப்பாங்க, ஆனா அந்தத் தெருவத் தாண்டி எங்கயும் தனியாப் போக முடியாது. கர்க்லண்ட் டவுன்டவுன் பக்கம்னா அப்பா தானாக் கிளம்பி லைப்ரரி போய் பேப்பர் படிச்சிட்டு ஏரியப் பாத்துட்டு வருவார், பேச்சுத் துணைக்கு ஆள் கம்மி. எது பெருசுன்னா அது உங்க அப்பாவப் பொறுத்தது. என் மாமனாருக்கு யாரையும் எதிர்பாக்காம வெளிய போறது தான் முக்கியம், என் அம்மாவுக்குப் பேச்சுத் துணை. ரெண்டுக்கும் ஒரே வீடு கிடையாது. டிசம்பர்ல நாலரைக்கு முன்னாடியே இருட்டிடும், அப்ப ஊர்ல இருந்து வர்றவங்களக் கூப்பிடாதீங்க, எந்த ஊர்ல வீடு இருந்தாலும் சரி.

டீனேஜ் பசங்க இருக்கற வீடுன்னா வேற கணக்கு. வாஷிங்டன்ல 18 வயசு வரைக்கும் பஸ், ரயில் ரெண்டும் இலவசம், 2022-ல இருந்து. மெர்சர் ஐலண்ட் வடக்குப் பக்கமோ கர்க்லண்ட் டவுன்டவுனோ இருந்தா உங்க பொண்ணு உங்கள டிரைவரா வச்சுக்க மாட்டா. சமாமிஷ்ல அந்த இலவச கார்டு டிராயர்ல தூங்கும், நீங்க தான் கிளாஸ் கிளாஸா ஓட்டிட்டுத் திரியணும்.

அப்ப நான் என்ன சொல்வேன்னா, பசங்க மிடில் ஸ்கூல் தாண்டியாச்சு, சியாட்டில்ல ஒருத்தர் பெல்வியூல ஒருத்தர் வேலைன்னா, காசு தாங்கும்னா, மெர்சர் ஐலண்ட் வடக்குப் பாதி. குழந்தைங்க சின்னது, பெரிய வீடு, நம்ம ஜனம் சுத்தி வேணும், கார் ஓட்டறது சலிக்காதுன்னா சமாமிஷ், அதுலயும் எந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்னு வீட்டு நம்பர் வச்சுப் பாத்துட்டு. மத்த எல்லாருக்கும் கர்க்லண்ட், காரிடார்ல இருந்து நடக்கற தூரத்துல, வீடு சின்னதானாலும் பரவால்ல, டவுன்ஹோம் ஆனாலும் பரவால்ல. எனக்கு கர்க்லண்ட் பக்கம் சாய்வு இருக்கு, மறைக்கல.

ஆஃபர் போடறதுக்கு முன்னாடி அந்த வீட்டோட ப்ராப்பர்ட்டி டாக்ஸ் பில்ல எடுத்துப் பாருங்க, கவுண்டி வெப்சைட்ல அந்த மனைக்குன்னு இருக்கற பார்சல் நம்பர் போட்டா வரும். மாநில ஸ்கூல், லோக்கல் ஸ்கூல், சிட்டி, லைப்ரரி, சவுண்ட் டிரான்சிட், எமர்ஜென்சி மெடிக்கல்னு வரி வரியாப் பிரிச்சுப் போட்டிருப்பாங்க. கர்க்லண்ட்ல எவர்கிரீன்ஹெல்த் ஆஸ்பத்திரி டிஸ்ட்ரிக்டுக்குன்னு ஒரு வரி இருக்கும், மெர்சர் ஐலண்டுல இருக்காது. பில் ரெண்டு தவணை, ஏப்ரல் 30, அக்டோபர் 31, லோன்காரங்க மாசத் தவணையோட சேத்து எஸ்க்ரோல பிடிச்சுக் கட்டினா உங்க கண்ணுலயே படாது, அதனால தான் இப்பவே பாக்கச் சொல்றேன்.